முதல் ஓட்டம்

கனடாவின் மல்வேர்னில் கிடந்த பாதி இரும்பைத் தன் கராஜுக்குள் கொண்டுவந்து கொட்டி, ஆறு வருஷம் தட்டித் தட்டி, ஓய்வுபெற்ற நவரட்ணம் ஹொட் ரொட் என்ற வேகக் கார் ஒன்றைச் செய்து முடித்தார். 1932ஆம் ஆண்டுக் கூப்பே. இரண்டே கதவு, இரண்டே சீற், விமானத்தையே கட்டி இழுக்கக்கூடிய எஞ்சின்.

"முதல் ஓட்டம் நான்தான் ஓடுவன்," என்றார் மனைவி பாலேஸ்வரி. "இருபது வருஷமா லைசன்ஸ் வைச்சிருக்கிறன். ஒருநாளாவது ஸ்ரியறிங்கைத் தந்தனீங்களே?"

"இஞ்சரும், உது காரில்லை, சிங்கம். நீர் பக்கத்திலை இரும், காணும்."

தெருவே திரண்டு வந்து நின்றது.

"அண்ணை, பிரேக்கும் பூட்டினனீங்களோ?" என்று முன்வீட்டுக் கனகசிங்கம் கத்தினார்.

நவரட்ணம் அதைக் காதில் வாங்கவில்லை. மாப்பிள்ளை நடை நடந்து போய், வலப்பக்கக் கதவைத் திறந்து, மனைவியைக் குனிந்து வரவேற்றார். பாலேஸ்வரி ஒருக்கால் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு சட்டென்று ஏறிக்கொண்டார்.

நவரட்ணம் மறுபக்கம் சுற்றிப்போய் ஏறி, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் கம்பீரமாக நீட்டினார்.

கையில் ஒன்றும் அகப்படவில்லை.

கனடாவில் முப்பத்தைந்து வருஷம் இடப்பக்கம் இருந்து ஓட்டியவர்தான். ஆனாலும் நேற்று ஸ்ரியறிங்கைப் பூட்டியது, யாழ்ப்பாணத்தில் கார் பழகிய அதே கைகள். அது இப்போது பாலேஸ்வரிக்கு நேரே, வலப்பக்கத்தில் பளபளத்தது.

பாலேஸ்வரி திறப்பைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது.

"இஞ்சேரப்பா, கொஞ்சம் சிரிச்சுக்கொண்டு இருங்கோ. சனம் படமெடுக்குது."