மூன்று மில்லிமீட்டர்

மூன்று மில்லிமீட்டர் தகட்டைச் செருகி, மேல் உருளையை அதன்மேல் இறக்கினேன். ஊசி சரியாக மூன்றில் வந்து நின்றது.

விசாரணை அதிகாரி குனிந்து பார்த்தார். வரும்போது தொப்பூர் மலைப்பாதையில் ஒரு லாரி கவிழ்ந்து வழியடைத்ததில் நாலு மணி நேரம் மாட்டிக்கொண்ட கடுப்பு அவருக்கு. இன்னொரு தடவை செருகச் சொன்னார். மூன்றுதான்.

கரும்பைப் பிழியும்போது மேல் உருளை எவ்வளவு எழும்புகிறது என்பதைக் காந்தச் சுருள் ஒன்று அளந்து, ஊசியால் தாளில் கோடு போடும். நான்கைத் தாண்டினால் மணி அடித்து ஆலை தானாக நின்றுவிடும்.

கரும்பு தள்ளும் இன்னாசியின் கை உள்ளே போன அன்று அது நிற்கவில்லை. கோடு மூன்றுவரை ஏறி இறங்கியிருக்கிறது. ஒரு மனிதனின் கை, தோள்வரை, அவ்வளவுதான்.

தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே செத்துப்போனான்.

போன மாதம்வரை அந்த ஊசி பச்சைப் பொய்க்காரன். எப்போதும் ஒன்றரை கூட்டித்தான் காட்டும். வெறும் கரும்புக்கே மணி அடித்து ஆலை நிற்கும், மேனேஜர் என்னைக் காய்ச்சி எடுப்பார். எட்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்தேன். கிரீஸ் அப்பிய இரும்புத் துண்டு ஒன்று, காசளவுதான் இருக்கும். சுருளுக்குப் பின்னால் அதை யாரோ கம்பியால் கட்டியிருந்தார்கள். காந்தத்துக்குப் பக்கத்திலா இரும்பைக் கட்டுவார்கள், மடப்பசங்க. அறுத்து டூல்ஸ் பெட்டியில் போட்டேன். ஊசி திருந்தியது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் கைகொடுத்தார்.

ஒரு வாரம் திமிரோடு நடந்தேன்.

அறுக்காமல் விட்டிருந்தால் ஊசி நாலரைக்குப் போயிருக்கும். ஆலை நின்றிருக்கும். கை போயிருக்கும், ஆள் இருந்திருப்பான்.

கருவியில் பிழையில்லை, தொழிலாளியின் கவனக்குறைவு என்று அதிகாரி எழுதினார். கீழே மெக்கானிக் ஸ்தனிஸ்லாஸ் என்று கையெழுத்துப் போட்டு, 12-2-1974 என்று தேதியும் போட்டேன்.

டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். இன்னாசியின் மனைவி லூர்துமேரி கேட்டோரம் நின்றிருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"அண்ணா, மிஷினுல கட்டச் சொல்லி அவருகிட்ட காசாட்டம் மாதா சுரூபம் ஒண்ணு குடுத்துவுட்டேனுங்க. அது அங்கதான இருந்துச்சு?"

அந்தத் துண்டின் கிரீஸை நான் துடைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"இருந்துச்சும்மா" என்றேன்.

அவள் ஆலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப மாதாவும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா" என்றாள்.

பெட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டேன்.