ஏழு வருஷ டிஸ்க்

"ஏழு வருஷமாச்சு. டிஸ்க்கை மாத்துங்க, மாத்துங்கன்னு தொண்டை கிழியக் கத்தறேன். இந்த மனுஷன் அசைஞ்சாத்தானே?"

கம்ப்யூட்டர்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் வழக்கு ஆரம்பமாகிவிட்டது.

அந்தம்மா காட்டியது அலமாரியில் இருந்த கறுப்புப் பெட்டியை. வீட்டுப் படங்கள், வீடியோக்கள் எல்லாம் அதற்குள் இருக்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில்தான். மகள் தவழ்ந்தது முதல் பட்டம் வாங்கியது வரை வேறெங்கும் பிரதி கிடையாது.

கணவர் கார் மெக்கானிக். இஞ்சின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார் என்று ஊரெல்லாம் பெயர்.

"எதுக்கு மாத்தணும்? தினம் காலைல பெட்டி மேல காதை வெச்சுக் கேக்கறேன். கெட்டுப்போற டிஸ்க் கடக் கடக்னு அடிச்சுக்கும். இது பச்சைக் குழந்தையாட்டம் தூங்குது."

"எல்லாம் போனப்புறமும் அதே மாதிரி காதை வெச்சுக்கிட்டு உக்காருங்க."

"நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார். இவ வாயை அடைக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

கம்ப்யூட்டர்காரருக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல். ஹார்ட் டிஸ்க் என்ன கார்பரேட்டரா, காதை வைத்துக் கேட்க? அந்தம்மாவும் வெளியாள் முன்னால் புருஷனை இப்படியா வாங்கு வாங்கென்று வாங்குவது?

லேப்டாப்பை இணைத்தார். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறோம் என்று டிஸ்க்கே கணக்குச் சொல்லிவிடும். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சார், இது ஏழு வருஷம் ஓடின டிஸ்க்குன்னு சொல்லவே முடியாது."

"சத்தமா சொல்லுங்க. இவ தொணதொணப்புல ஒண்ணும் காதுல விழல."

சத்தமாகச் சொன்னார். மெக்கானிக் மீசையை முறுக்கிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் கம்ப்யூட்டர்காரர் திரும்பினார். "அம்மா, ரெண்டு டிஸ்க்குமே ஓட ஆரம்பிச்சு எட்டு மாசம்தான் ஆகுது. யாரோ மாத்தியிருக்காங்க."

"நான்தான் தம்பி. அவர் வெளியூர் போயிருந்தப்ப ஆளைக் கூப்பிட்டு, படத்தையெல்லாம் புதுசுல ஏத்தி மாத்திட்டேன்."

"அப்புறம் எதுக்கு இந்தச் சண்டை?"

"திடீர்னு நிறுத்தினா சந்தேகம் வந்துடாதா?"

"மாத்திட்டேன்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சேம்மா."

வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"பழைய டிஸ்க் அடிச்சுக்கிட்டது சமையலறைல இருந்த எனக்கே கேட்டுச்சு தம்பி. பெட்டி மேலேயே காதை வெச்சிருந்தவருக்குக் கேக்கல. அந்தக் காதாலதான் அவருக்கு ஊர்ல இவ்வளவு பேரு. நான் எந்த வாயால சொல்றது?"