குறூப்பில் போட்ட வீடியோ

"இதில கதைக்கிறது என்ட மகளா டீச்சர்? உண்மையைச் சொல்லுங்க!"

பாடசாலை அதிபரின் மேசையில் போன் வந்து விழுந்தது. பரீனா டீச்சர் குனிந்து அதைப் பார்த்தாள்.

எதிரே நின்ற ஸைனுலாப்தீன் துறைமுகத்தில் லொறி ஓட்டுகிறவர். பாரம் ஏற்றிய லொறியோடு கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வந்து, அதைப் பாடசாலை வாசலில் குறுக்கே விட்டுவிட்டு உள்ளே ஓடி வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

போனில் அவர் மகள் றுமானா மேடையில் நின்று முழங்கிக்கொண்டிருந்தாள்.

"ஓம், றுமானாதான். நேற்று நடந்த பேச்சுப் போட்டி. அவதான் முதலாம் இடம்."

"இவ்வளவு பெரிய சத்தத்திலயா? இத்தனை பேருக்கு முன்னாலயா?"

போச்சுடா என்று நினைத்தாள் பரீனா. அதிபர் அப்ராஸ் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து, அண்ணன் முறை வைத்து அழைத்தார்.

"முதல்ல இருங்க நானா. பொம்புளப் புள்ளயிட வீடியோவை உங்களைக் கேட்காமப் போட்டது பிழைதான். இப்பவே அழிக்கிறம்."

"அழிக்கிறதா? என்ன கதை கதைக்கிறீங்க சேர்?"

அழித்தால் மட்டும் மனிதரின் கோபம் ஆறாது போலிருக்கிறது என்று அதிபர் முடிவு கட்டிவிட்டார். ஊரில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் யார் பதில் சொல்வது? "டீச்சர், அந்தக் குறூப்பே வேணாம். இண்டைக்கே மூடுங்க. இனிப் பழையபடி கடிதம் குடுத்தாப் போதும்!"

கடிதமாம் கடிதம்! பிள்ளைகளிடம் கொடுத்த கடிதமெல்லாம் ரொக்கட்டாகப் பறந்ததைப் பரீனா கண்ணால் பார்த்திருக்கிறாள். பெற்றோர் கூட்டத்தில் கதிரைகள்தான் கூட்டமாக இருந்தன. பாதி வாப்பாமார் கடலிலும் துறைமுகத்திலும், பாதி உம்மாமார் வெளிநாட்டிலும் இருந்தால் யார் வருவது? வாசலில் வெயிலில் காய்ந்து, ஒவ்வொரு நம்பராகக் கெஞ்சி வாங்கி, அவள் உண்டாக்கியதுதான் தரம் எட்டுப் பெற்றோர் வட்ஸ்அப் குறூப். இன்றைக்குக் குவைத்தில் இருக்கும் உம்மாவுக்கும் பிள்ளைக்கு எப்போது பரீட்சை, எப்போது விளையாட்டுப் போட்டி என்று தெரிகிறது. எல்லாம் ஒரு வீடியோவால் நாசமாகப் போகிறதே!

பிழை தன்னுடையதுதான் என்பது அவளை இன்னும் குத்தியது. "குறூப்பில மட்டும் போடாதீங்க டீச்சர், வாப்பாட போனுக்கும் போகுமே" என்று றுமானா எவ்வளவு கெஞ்சினாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துப் பரீனா சிரித்துக்கொண்டே போட்டுவிட்டாள். வாப்பா இப்படிப்பட்ட மனிதர் என்று யாருக்குத் தெரியும்?

அதுவும் றுமானா! சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொள்கிற பிள்ளை. ஒத்திகையின்போது, "நான் சொல்லும்வரைக்கும் நிப்பாட்டக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் பரீனா தேத்தண்ணி குடிக்கப் போய், அங்கே கதையில் மறந்தே போனாள். திரும்பி வந்தால் பிள்ளை வெறும் மண்டபத்தில், தொண்டை கட்டிப்போய், இன்னும் பேசிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பிள்ளைக்கா இன்றைக்கு வீட்டில் அடி விழ வேண்டும்?

"நானா, பிழை முழுக்க என்னுடையது" என்றாள் பரீனா. "நான் குறூப்பை மூடிவிடுறன். புள்ளயை மட்டும் ஏசாதீங்க. அவட படிப்பை நிப்பாட்டிப் போடாதீங்க."

"மூடாதீங்க டீச்சர்!"

ஸைனுலாப்தீன் தொப்பென்று கதிரையில் உட்கார்ந்தார். அத்தனை பெரிய மனிதர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"அதை இன்னொருக்காப் போட்டுக் காட்டுங்க. சத்தத்தைக் கூட்டி வைங்க. நோன்புப் பெருநாள் கழிஞ்சதில இருந்து இவள் ஒரு சொல் கதைக்கல்ல டீச்சர்."

அதிபரும் பரீனாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வீட்டில நானும் அவளும்தான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனன். பக்கத்தில இருந்து பார்த்தன், டொக்டருக்கும் வாய் திறக்கல்ல. தண்ணி ஓதிக் குடுத்தன். உம்மா குவைத்தில இருந்து என்ட போனுக்கு எடுத்தா, கண்ணீர் விடுறாளே தவிர ஒரு சத்தமில்ல. ஊமையாப் போயிட்டாளெண்டு நினைச்சன். பொம்புளப் புள்ள, வெளியில தெரிஞ்சா அவள்ட வாழ்க்கை என்னாகிறது? அக்கம்பக்கத்துக்குக்கூடச் சொல்லல்ல."

"யா அல்லாஹ்! வகுப்பில அவட வாயை மூட வைக்கத்தான் எங்களுக்கு ஏலாது நானா!" என்றாள் பரீனா.

அவளே ஓடிப்போய் றுமானாவை அழைத்து வந்தாள். வழியெல்லாம் முதலாம் இடத்தைப் பற்றிச் சளசளவென்று கதைத்துக்கொண்டு வந்த பிள்ளை, கதிரையில் இருந்த வாப்பாவைக் கண்டதும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது.

"ஒரு சொல் கதையுங்க மகள்" என்று ஸைனுலாப்தீன் கையேந்தினார். "வாப்பா எண்டு ஒருக்காச் சொல்லுங்க. அது போதும்."

றுமானாவின் கண்கள் நிறைந்தன. வாய் திறக்கவில்லை. பரீனாவின் கையைப் பிடித்து வெளி விறாந்தைவரை இழுத்துக்கொண்டு போனாள். நுனிக்காலில் எழும்பி, டீச்சரின் காதோடு வாயை வைத்தாள்.

"உம்மாவை ஊருக்குத் திரும்பிவரக் கூப்பிடச் சொல்லிப் பெருநாளண்டு நான் வாப்பாவோட சண்டை பிடிச்சனான் டீச்சர். 'இனிமேல் உன்ட சத்தம் என்ட காதில விழவே கூடாது' எண்டு வாப்பாதான் சொன்னவர். இப்ப நான் கதைக்கிறது அவருக்குக் கேட்கல்லத்தானே?"