சத்தமில்லாத வண்டி

மாலை வெயில் பூர்ணிமாவின் கணினித் திரையில் சாய்ந்து விழுகிறது. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் நோயாளிக் குறிப்புகளை விருத்தாசலத்து மாடியறையில் உட்கார்ந்து படித்து, ஒவ்வொரு காயத்துக்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது அவள் வேலை. இப்போது திரையில் இருப்பது, நடைபாதையில் மின்சார ஸ்கூட்டர் மோதி மணிக்கட்டு முறிந்த ஒரு பெண்ணின் குறிப்பு. முறிந்த எலும்புக்கு ஓர் எண், மோதிய வண்டிக்கு ஓர் எண். அந்தப் பெண் சொன்னதையும் மருத்துவர் எழுதியிருக்கிறார்: ‘வண்டி வந்த சத்தமே கேட்கவில்லை.’ பூர்ணிமாவின் கண் அந்த வரியை விட்டு நகர மறுக்கிறது. முன்பெல்லாம் கணவர் தமிழ்மணியின் பழைய பைக் ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே அவளுக்குக் கேட்டுவிடும். எழுந்து முகம் கழுவுவாள். டீக்குப் பாலை அடுப்பில் வைப்பாள்.

தோளில் ஒரு கை படுகிறது. திடுக்கிட்டுத் திரும்புகிறாள். செராமிக் பட்டறையின் வெள்ளை மண் முழங்கை வரை காய்ந்திருக்க, தமிழ்மணி நிற்கிறார்.

“எப்ப வந்தீங்க?”

“வந்து நேரமாச்சு. கரண்டு வண்டி, சத்தமே இல்ல பாரு.”

“பழைய வண்டியவே வச்சிருந்திருக்கலாம்.”

“பெட்ரோலு போட்டு மாளுதா?”

“நீங்க வந்துகிட்டு இருக்கிற நேரம்னு ஒண்ணு இருந்துச்சுங்க. இப்ப அது இல்ல.”

அவர் படியிறங்குகிறார். சற்று நேரத்தில், வாயாலேயே டுபுடுபுவென்று ஓசை எழுப்பிக்கொண்டு தெருமுனையிலிருந்து வண்டியில் வருகிறார். எதிர்வீட்டு நாய் குரைக்கிறது. பழைய பைக்கின் சத்தம் கொஞ்சமும் அதில் இல்லை. ஆனாலும் பூர்ணிமா அவசரமாக எழுந்து முகம் கழுவப் போகிறாள்.