அத்தையின் மருதாணி

"என் செல்லம் எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்த மாமியார், "நல்லா இருக்கேம்மா" என்று எதிரே வந்த மகனைத் தாண்டி, நேராகப் பால்கனிக்குப் போனார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பெரிய மகன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்த கதையைக்கூட அப்புறம்தான் சொன்னார்.

மருமகள் கதவோரமாக நின்றாள். தொட்டியில் இருந்தது அத்தை விட்டுவிட்டுப் போன மருதாணி இல்லை. அது மருமகள் காட்டிய பாசத்தில் செத்துப்போயிருந்தது. வெயில் கொளுத்துகிறதே, பாவம், என்று காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றியதில் வேர் அழுகிவிட்டது.

மாமியார் திட்டுகிறவர் இல்லை. ஒன்றுமே சொல்லாமல் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து, கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் இந்த வீட்டில் சத்தமாகத் தும்மியதுகூட இல்லை.

நர்சரிக்காரர்தான் அதே உயரத்தில் ஒன்றைத் தேடிக் கொடுத்தார். "மண்ணு காய்ஞ்சா மட்டும் தண்ணி காட்டுங்க. இது கொஞ்சம் பட்டினி கிடந்தாத்தான் உருப்படும்."

பழைய செடியின் ஜாடை வரவேண்டுமே என்று கிளைகளை வெட்டி, இலைகளை உருவினாள். விரல் நுனியெல்லாம் ஒரு வாரத்துக்கு ஆரஞ்சு. பழையது இப்படிக் கையைக் காட்டிக்கொடுத்ததே இல்லை.

அவளை உறுத்தியதும் அந்த ஆரஞ்சுதான். அத்தை வைத்துவிட்டால் கருஞ்சிவப்பாகப் பிடிக்கும். அந்தக் கட்டடம் முழுக்க அதற்கு மரியாதை. அத்தை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அரைப்பார். பக்குவம் வெளியே போய்விடக் கூடாதாம்.

மூன்றாம் நாள் மாடி வீட்டு வக்கீலம்மா வந்து நின்றார். "பொண்ணுக்கு நாளன்னைக்குக் கல்யாணம். உங்க செடி மருதாணிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

மாமியாரின் முகம் வெளுத்தது. "கை இப்படிக் கிடக்கே... இன்னொரு நாள் பார்ப்போமே."

"கல்யாணத்தையே இன்னொரு நாள் வைக்கச் சொல்வீங்க போல! உங்க மருமக அரைக்கட்டுமே."

"ஐயோ, அவளுக்குப் பக்குவம் தெரியாது."

மருமகள் கதவோரமாக ஒதுங்கினாள். கண்டுபிடித்துவிட்டார். அதனால்தான் இலையைத் தொடவிட மாட்டேன் என்கிறார். அந்தப் பார்வை இன்றைக்கா, நாளைக்கா என்பதுதான் பாக்கி.

வக்கீலம்மா வாதாடி ஜெயித்தார். தானே ஒரு பை நிறைய இலை பறித்தார். பக்குவத்தைக் கற்றுக்கொள்ளும் ஆசையில், திறந்த கதவோடு, மிக்ஸிக்குப் பக்கத்திலேயே நின்றும்கொண்டார். மிக்ஸி சுற்றச் சுற்ற மாமியாரின் உதடுகள் எதையோ முணுமுணுத்தன. சந்தேகமென்ன, தன்னைத்தான் திட்டுகிறார் என்று மருமகள் முடிவு கட்டினாள்.

மறுநாள் காலையில் கல்யாணப் பெண்ணே படியிறங்கி ஓடிவந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். கருஞ்சிவப்பு. பின்னாலேயே வந்த வக்கீலம்மா, "மாவுக்கட்டு போட்டும் உங்க கைராசி போகலையே!" என்று மாமியாரின் கன்னத்தைக் கிள்ளாத குறையாகக் கொஞ்சிவிட்டுப் போனார்.

மாமியார் சிரித்தபடியே வழியனுப்பினார். கதவைத் தாழ்போட்டார். திரும்பினார்.

"என் செடியை எங்கேடி தூக்கிப் போட்டே?"

"அ... அதே செடிதான் அத்தை."

"இந்தக் கதையெல்லாம் உன் புருஷன்கிட்ட வெச்சுக்கோ."

இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. "செத்துப்போச்சு அத்தை. தண்ணி அதிகமாயிடுச்சு." அழுகைக்கு நடுவிலும் அவளுக்குத் தன் வேலையில் வந்த குறை பொறுக்கவில்லை. "ஆனா அச்சு அசலா அதே மாதிரிதானே வெட்டி விட்டேன்? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

மாமியார் ஒருமுறை தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"அது என்னைக்குடி சிவந்துச்சு? பதினோரு வருஷமா சிவந்ததெல்லாம் நான் கலந்த கடைப் பொடி!"