பாதி விலைக்கு ஓர் அறை

தலையணைக்கு அடியில் செத்த எலி. வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரிப்பில் யாரோ வாந்தி எடுத்துத் துடைத்த கறை, குளியலறைச் சாக்கடையில் கொத்துக் கொத்தாக யாருடைய முடியோ.

உமாஸி கைபேசியை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். இதே வரிகளை எத்தனையோ முறை படித்துவிட்டாள், இன்றைக்கும் படிக்காமல் இருக்க முடியவில்லை.

"அதை ஏன்க்கா திரும்பத் திரும்பப் பாக்குறீங்க? போனைக் கீழ வைங்க," என்றாள் விடுதியில் தங்க வந்திருந்த அபோண்டி.

"என் விடுதியைப் பத்தி எழுதியிருக்கான் தங்கச்சி. எப்படி வைக்கிறது?"

மலிண்டி கடற்கரையில் நாலே நாலு அறை உள்ள விடுதி அது. வேலைக்காரியை நிறுத்திய பிறகு உமாஸியே முட்டி போட்டுத் தரையைத் தேய்க்கிறாள். தட்டு இல்லாமல் தரையிலேயே சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம்.

கல்யாணமாகிப் போன ஊரில் பத்து வருடம் மாமியார் வீட்டுக்கு ஏரித் தண்ணீர் சுமந்தவள் அவள். புருஷன் செத்த மாதமே அவன் தம்பிக்கு வாழ்க்கைப்படச் சொன்னார்கள். மாட்டேன் என்று பிறந்த ஊருக்கு வந்து, நகையை விற்று இதைக் கட்டினாள். அந்த வாழ்க்கையைப் பற்றி யாரிடமும் அவள் வாய் திறப்பதில்லை.

"எழுதினவன் பேரு கூட இல்லையாக்கா?" என்று கேட்டார் அபோண்டியின் கணவர் ஒக்வெனோ, மண்டாஸிப் பணியாரத்தைப் பிட்டு டீயில் நனைத்தபடி.

"பேரு போடத் தைரியம் வேணும்ல தம்பி. ரூம் பிடிச்சுக் கொடுக்கிற அந்த இணையதளம் வழியா எடுத்துத் தங்கினவங்கதான் அதுல எழுத முடியும். அப்ப இங்க படுத்து எந்திரிச்சவன்தானே எவனோ எழுதியிருக்கான்?"

"நாங்க முதல்ல வந்தப்ப இங்க இருந்த இத்தாலிக்காரக் கிழவனா இருக்கும்," என்றாள் அபோண்டி.

உமாஸிக்கும் அவன் மேல்தான் சந்தேகம். மீன் குழம்பைப் பார்த்து மூக்கைச் சுளித்த மூஞ்சி அது. அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவியதை நினைத்தாலே இப்போதும் கை கூசியது.

அந்த எலி தளத்தில் வந்த நாளிலிருந்து விடுதிக்கு ஆள் வரத்து நின்றுபோனது. இவர்கள் இருவர் மட்டும்தான் வருடம் தவறாமல் நைரோபியிலிருந்து வருகிறார்கள். முதல் தடவை முழு வாடகை கொடுத்தார்கள், இப்போது பாதி விலைக்குத் தங்குகிறார்கள்.

கிளம்புவதற்கு முன்பே ஒக்வெனோ போன் போட்டுவிடுவார். "இப்படி எழுதியிருக்கிற எடத்துக்கு எங்களை விட்டா யாருக்கா வருவா, கொஞ்சம் எறக்குங்களேன்" என்பார். அவள் இறக்கியதும் தளத்தின் வழியாகவே அறை எடுப்பார். நேரில் வந்து கொடுத்தால் கமிஷனாவது மிஞ்சுமே என்று கேட்டால், "அதுல எடுத்தாத்தான்க்கா புள்ளி சேரும், அடுத்த தடவைக்குத் தள்ளுபடி கிடைக்கும்" என்று சிரிப்பார். கறாரான மனுஷன் என்று நினைத்துக்கொண்டாளே தவிர உமாஸி அதைத் தப்பாக எடுக்கவில்லை. வருகிறார்களே, அதுவே பெரிது.

இந்த வாரம் தளத்துக்காரர்களிடமிருந்து கடைசி எச்சரிக்கை வந்திருந்தது. இன்னும் ஒருவர் அசிங்கம் என்று எழுதினாலும் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்களாம். தூக்கினால் விடுதியை இழுத்து மூடிவிட்டு, யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்கப் போகவேண்டியதுதான். அதை இவர்களிடம் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

வாசலில் பெட்டிகள் தயாராக இருந்தன. கிளம்பிவிடப் போகிறார்களே என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டுவிட்டாள்.

"தங்கச்சி, ஒரு உதவி. நீங்க ரெண்டு பேரும் ரூமை நல்லா பாத்தவங்க. உள்ளதை உள்ளபடி ரெண்டு வரி எழுதிப் போடுங்களேன். பொய் ஒண்ணும் வேண்டாம்."

"இதைக் கேக்கணுமாக்கா? போற வழியிலேயே எழுதிடுறோம்." அபோண்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்கு இது சொந்த வீடு மாதிரி."

உமாஸி அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவர்களுக்கு இன்னொரு சுற்று டீ ஊற்றக் கெட்டிலை எடுத்தாள்.

அபோண்டி கணவர் பக்கம் திரும்பினாள். அதுவரை பேசிய சுவாஹிலியை விட்டுவிட்டு விக்டோரியா ஏரிக்கரைப் பாஷைக்கு மாறினாள். எதிரே மூன்றாம் ஆள் இருந்தால் இந்த நாட்டில் எல்லோரும் சொந்த ஊர்ப் பேச்சுக்குத் தாவுவது வழக்கம்தான், கடற்கரைக்காரிக்கு அது எங்கே புரியப்போகிறது. மண்டாஸியைப் பாராட்டுகிற அதே முகத்தோடு சொன்னாள்.

"எலி முதல் தடவையே எழுதியாச்சுங்க. இந்தத் தடவை கரப்பான்னு போடுங்க, அப்பத்தான் அடுத்த வருஷம் கால் விலைக்கு எறங்குவா."

"டீ டம்ளருக்குள்ள கரப்பான்னு போட்டுடறேன்," என்றார் ஒக்வெனோ, அதே பாஷையில்.

உமாஸியின் கை ஒரு நொடி நின்றது. பிறகு ஒரு சொட்டுச் சிந்தாமல் அவர் கோப்பையை நிரப்பி, சர்க்கரை போட்டுக் கலக்கிக் கையில் கொடுத்தாள். மாமியாரிடம் பேசிய அந்தப் பாஷையிலேயே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"மூட்டைப்பூச்சி இன்னும் எழுதலையே தம்பி, அதையும் சேத்துக்குங்க."