கிணற்றடியில் நிற்கும் வண்டி

நின்னு போயிராத கண்ணு. கெணத்த மட்டும் தாண்டிரு.

அன்புக்கரசி மனசுக்குள் கெஞ்சியது வண்டிக்குக் கேட்கவில்லை. கிணற்றடி வந்ததும் இரண்டு முறை திணறியது. அணைந்தது.

"போச்சு!" ஷெட் வாசலில் நின்ற பிரவின்குமார் கைதட்டிச் சிரித்தான். "மறுக்கா அதே எடத்துல! கெணத்துப் பேயி உன்ற வண்டியப் புடிச்சுப்போட்டுது அம்மணி."

"சிரிக்காதீங்க. வந்து தள்ளுங்க."

பைக்கின் ஹேண்டிலும் டிராக்டர் மாதிரி டயர்களும் கொண்ட நான்கு சக்கர ஏடிவி அது. மாதக்கணக்கில் ஷெட்டில் கிடந்தது. காலையிலிருந்து பழைய பெட்ரோலை வடித்துப் புதிதாக ஊற்றினாள். கார்புரேட்டரைக் கழுவினாள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினாள். இன்று பொழுது சாய்வதற்குள் அது கேட்டைத் தாண்டி ஓடியாக வேண்டும். வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதைக்கு அந்தப் பக்கம் அவள் தொடங்கும் தென்னை நர்சரிக்கு நாளை முதல் லோடு நாற்று வருகிறது. மேட்டுக்காட்டுக்கு அதை இழுக்க வேறு வண்டி இல்லை.

பிரவினின் அம்மா பழனியாத்தாள் மோரை ஷெட்டுக்கே கொண்டுவந்தாள். "ஊரு ஒலகத்துல புள்ளைக சீருக்குக் காரு கேக்கும். இவ இந்தத் தவக்களை வண்டியக் கேட்டு வாங்குனா!"

"காரு தோப்புக்குள்ள போகுங்களா அத்தை?"

மூவருமே சிரித்துவிட்டார்கள். இன்று சிரிக்கக் கூடாது என்று வரும்போதே நினைத்திருந்தாள் அன்புக்கரசி. முடியவில்லை.

"எதுக்கு இத்தன பாடு? வேற பேட்டரி வாங்கிப் போட்டுறலாம்" என்றான் பிரவின். "ஏற்கெனவே ரெண்டு மாத்திப்போட்டேன். ரெண்டே நாள்ல செத்துப்போவுது."

எது கெட்டாலும் புதிதாக வாங்கிவிடுவான். ஏன் கெட்டது என்று மட்டும் கேட்கமாட்டான்.

"ஸ்பேனர எங்கீங்க மாத்தி வெச்சீங்க?"

அவன் எடுத்துக் கொடுத்தான். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க அவள் டேங்க் மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

அன்புக்கரசி அப்படியே நின்றாள். மூடியைத் தளர்வாக வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து கிணற்றடிக்கு விட்டாள். தாண்டியது! தென்னைகளைச் சுற்றிக்கொண்டு கத்தியபடி வந்தாள். "ஓடுது! ஏனுங்க, ஓடுதுங்க!"

மூடியின் நடுவில் காற்றுக்காக இருக்கும் சின்னத் துளையில் சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. காற்று போகாததால் பெட்ரோல் இறங்கவில்லை.

"ஆயுத பூசைக்கு யாருங்க இப்படி அப்புனது?"

"நாந்தான்" என்றான் பிரவின், காதைச் சொறிந்துகொண்டு. "உன்ற வண்டியாச்சேன்னு கொஞ்சம் சேத்தி வெச்சேன்."

"அம்மிக்கல்லுக்குக்கூட இத்தன வெச்சிருக்க மாட்டான்" என்றாள் பழனியாத்தாள்.

துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றித் துளையைக் குடைந்தாள் அன்புக்கரசி. பிறகு சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி வயரைக் கழற்றி மறுபடி அதே முனையில் தொட்டுப் பார்த்தாள். சின்னதாகப் பொறி தெறித்தது. சாவி இல்லாமலே எதுவோ கரண்டைக் குடிக்கிறது! வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். சீட்டுக்கடியில், பூஜைக்குக் கட்டிய சீரியல் லைட்டின் கண்ட்ரோல் பெட்டி. பல்புகளைக் கழற்றியவன் அதை விட்டுவிட்டான். சிவப்புப் புள்ளியாக அது இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"அடப்பாவமே!" பிரவின் தரையில் உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு பேட்டரியக் கொன்னது இதுதானா?"

"ஒரு நிமிசம் குனிஞ்சு பாத்திருந்தாப் போதுமுங்க."

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பிடுங்கினாள். வண்டியைப் பற்றித்தான் சொன்னோமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் சாவியைப் போட்டு ஸ்விட்சை அழுத்தியதும் எஞ்சின் ஒரே மூச்சில் உறுமியபோது, அந்தச் சந்தோஷம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. வீட்டைச் சுற்றி ஒரு வட்டம், தோப்பைச் சுற்றி ஒரு வட்டம். கோழிகள் பறந்தன. பழனியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கேட்டுக்கு முன்னால் வந்து நிறுத்தியபோது பிரவின் குறுக்கே நின்றான். அவன் இப்போது சிரிக்கவில்லை.

"ஆஃப் பண்ணிட்டு உள்ள வா அன்பு. அம்மா எலை போடப் போயிருச்சு. இனிமே நீ சொல்றத நின்னு கேக்கறேன்."

அன்புக்கரசி எஞ்சினை அணைக்கவில்லை.

"வேண்டாங்க" என்றாள் மெதுவாக. "நேத்துக் கோர்ட்டுல நம்மளப் பிரிச்சு உட்டுட்டாங்களே. கேட்டத் தொறந்து உடுங்க."